மாரியோ நல்ல ஆட்டமா, நமக்கு அப்போது ஏழு வயதா?

கரிசல்காடு:

1990களில் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர்கள் கூடினால் பேச்சு எப்படியாவது பழைய வீடியோ கேமுக்கு வந்துவிடுகிறது. மாரியோ, கான்ட்ரா, டேங்க், துப்பாக்கியால் வாத்துச் சுடும் ஆட்டம். "அதுபோல் இன்று ஒன்றுகூட இல்லை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நான் இதை மறுக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை சுமாரான ஆட்டங்கள். நாம் நேசிப்பது ஆட்டத்தை அல்ல. மே மாத விடுமுறையை, ஒரே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்த அத்தை மகன்களையும் சித்தப்பா பிள்ளைகளையும், பரீட்சை முடிந்த நிம்மதியை.

காரணம் சொல்கிறேன். சர்க்கஸ் சார்லியை ஜப்பான் நிறுவனமான கொனாமி 1984இல் செய்தது, காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காக. ரோடு ஃபைட்டரும் அப்படிப் பிறந்ததே. அந்த இயந்திரங்களின் பிழைப்பு, ஆடுகிறவரைச் சீக்கிரம் தோற்கடித்து அடுத்த காசை எடுக்க வைப்பதில் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. சில உயிர்கள், போனால் முதலிலிருந்து. மாரியோவில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதியே கிடையாது. கோவில்பட்டியில் மின்வெட்டு வந்தால் எட்டாம் உலகம்வரை போனதெல்லாம் வீண்.

கருவியில் செருகும் ஆட்டக் கேசட்டின் மேல் 9999999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருந்தவை கொஞ்சம்தான். அதே ஆட்டத்தை இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்க வைத்து ஒரு பெயர், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்க வைத்து இன்னொரு பெயர் என்று பட்டியலை நீட்டியிருந்தார்கள். ஒரு தலைமுறையையே ஏமாற்றிய பொருளை இப்போது பொக்கிஷம் என்கிறோம்.

சென்ற மாதம் அக்கா பிள்ளைகளுக்கு அந்த ஆட்டங்களைப் போட்டுக் காட்டினேன். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு எட்டு. கால் மணி நேரத்தில் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். அவர்களிடம் நம் நினைவுகள் இல்லை. ஆட்டம் மட்டும் இருந்தது. அது போதவில்லை. உங்கள் முதல் நினைவைச் சொல்லுங்கள். அதில் ஆட்டத்தின் பங்கு எவ்வளவு என்று மனசாட்சியோடு சொல்லுங்கள்.

தாமிரபரணி:

நண்பரே, உங்கள் கேசட்டையே சாட்சிக்கு அழைக்கிறேன். அதே மே மாதம், அதே பாய், அதே அத்தை மகன்கள். கேசட்டில் இருந்த எல்லா ஆட்டங்களையும் அந்தச் சூழலில்தான் ஆடினோம். அப்படியானால் எல்லாமே நினைவில் நின்றிருக்க வேண்டும். ஏன் மாரியோவும் கான்ட்ராவும் மட்டும் நிற்கின்றன? பெயர் தெரியாத விண்கல ஆட்டங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றின் முகம்கூட எனக்கு நினைவில்லை. வயதுதான் காரணம் என்றால், அந்த வயது ஏன் ஆள் பார்த்து ஆசீர்வதித்தது?

மாரியோவின் முதல் கட்டத்தைப் பொறுமையாகப் பாருங்கள். மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறான், வலப்புறம் வெறும் வெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் நடந்தால் மின்னும் கேள்விக்குறிப் பெட்டி, எதிரே முறைத்துக்கொண்டு வரும் காளான் பூதம். மோதினால் உயிர் போகிறது. அடுத்த முறை குதிக்கிறோம். தலை பெட்டியில் இடிக்கிறது, காசு வருகிறது. இன்னொரு பெட்டியை முட்டினால் ஒரு காளான் புறப்பட்டு வலப்புறம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. பயந்து விலக நினைத்தாலும் அந்த நெருக்கடியான இடத்தில் விலகுவது கடினம். தொட்டவுடன் மாரியோ வளர்கிறான். "இது நல்லது" என்று எழுத்தே இல்லாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பின்னால் இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவே தரை இருக்கும். விழுந்தாலும் சாக மாட்டோம். அடுத்து அதே போன்ற படிக்கட்டுகள், நடுவே பள்ளம். முதலில் பயிற்சி, பிறகு பரீட்சை.

மாரியோவை உருவாக்கிய நின்டெண்டோ நிறுவனத்தின் மியாமோட்டோவும் தெசுகாவும் இதையெல்லாம் 1985இல் வெறும் 40 கிலோபைட்டுக்குள் செய்தார்கள். இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தினார்கள். நிறம் மட்டும் வேறு. எனக்கு வந்த சீன வீடியோ கேம் செட்டில் விளக்கப் புத்தகமே கிடையாது, பெட்டியில் இருந்ததெல்லாம் சீன எழுத்து. தமிழ்வழியில் மூன்றாம் வகுப்புப் படித்த நான், திருநெல்வேலியில் உட்கார்ந்து, ஒருவரும் சொல்லித்தராமல் அந்த ஆட்டத்தைக் கற்றேன். இதைச் சுமாரான வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கரிசல்காடு:

தாமிரபரணி, முதல் கட்டத்தை நீங்கள் விளக்கியது அருமை. ஆனால் அதை எப்போது தெரிந்துகொண்டீர்கள்? வளர்ந்த பிறகு, யாரோ அலசி எழுதியதைப் படித்து. ஏழு வயதில் உங்கள் நினைவில் தங்கியது அந்த நுட்பமா? அன்றைய நினைவின் மேல் இன்றைய அறிவைப் பூசுகிறோம் என்பது என் சந்தேகம்.

நினைவு அவ்வளவு நம்பத்தகுந்தது அல்ல. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேரிடம், "சிறுவயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள்" என்ற நடக்காத கதையை, குடும்பத்தார் சொன்ன உண்மைக் கதைகளோடு கலந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய கால் பங்கினர் அது தங்களுக்கு நினைவிருப்பதாக முழுதாகவோ பாதியாகவோ சொன்னார்கள். ஒரு கதையைக் கேட்டே நினைவு உண்டாகும் என்றால், ஊரே சேர்ந்து மாரியோவைக் கொண்டாடும்போது என்ன ஆகும்?

என்னிடமே சான்று இருக்கிறது. மாரியோவின் இசையை அண்மையில் இணையத்தில் கேட்டேன். என் மனதில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறது. நான் கேட்டது நிதானமானது, நடைபோடுவதற்கு ஏற்றது. மாறியது இசையா, என் நினைவா? நினைவுதானே மாறியிருக்க முடியும்.

மாரியோவும் கான்ட்ராவும் ஏன் நிலைத்தன என்கிறீர்கள். இருவர் ஆட முடிந்ததால்தான். மறுபடியும் கூட்டாளிதான் வருகிறான், ஆட்டம் அல்ல.

தேன்மொழி:

இருவரும் "நாம்" என்று எழுதுகிறீர்கள். அந்தப் பாயில் நானும் உட்கார்ந்திருந்தேன், கரிசல்காடு அண்ணா. ஜாய்ஸ்டிக் என் கைக்கு வந்தது அபூர்வம்.

மாரியோவில் "இருவர் ஆடலாம்" என்பதன் பொருள் தெரியுமா? அண்ணன் ஆடுவது மாரியோ, தங்கைக்கு லூயிஜி. மாரியோ சாகும்வரை லூயிஜி திரைக்கே வர மாட்டான். என் அண்ணன் நன்றாக ஆடுவான். அவன் விழுவதற்காகக் காத்திருந்ததுதான் என் முதல் வீடியோ கேம் நினைவு. என் முறை வரும்போது எனக்குப் பழக்கம் இருக்காது, உடனே விழுவேன், "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று ஜாய்ஸ்டிக் திரும்பிப் போகும். கான்ட்ராவில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மூன்றாவதாக ஓர் அருவிக் கட்டம் வரும். ஒருவர் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். அண்ணன் ஒருமுறைகூட நின்று திரும்பிப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லும் விடுமுறையின் இனிமை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

இருந்தும் உங்கள் கட்சியில் என்னால் சேர முடியாது. மாரியோவின் 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கூரைமேல் ஏறி ஓடி, கடைசிச் சுவரையும் தாண்டினால் மூன்று குழாய்கள் இருக்கும்: நான்காம் உலகம், மூன்றாம் உலகம், இரண்டாம் உலகம். அதைத் தெருவில் முதலில் கவனித்தவள் நான், பார்த்துக்கொண்டே இருந்ததால். எந்தச் செங்கல்லில் கொடி முளைக்கும், எந்தக் குழாய்க்குள் இறங்கலாம் என்பதை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்த சூழல் கசப்பானது. ஆனாலும் அந்த இடங்கள் இன்றும் கண்முன் நிற்கின்றன. உங்கள் கொள்கைப்படி எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கவே கூடாது.

வலிகாமம்:

தேன்மொழி அக்கா சொன்னதற்குப் பக்கத்தில் என்னுடையதையும் வைக்கிறேன்.

நான் யாழ்ப்பாணம், வலிகாமத்தில் பிறந்தவன். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பற்றரியும் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியில் செய்தி கேட்டோம். உங்களுக்கெல்லாம் மாரியோ அறிமுகமான வயதில் எங்கள் வீட்டில் ரிவி ஓடவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்தில் நாங்களும் இருந்தோம்.

முதன்முதலாக ஒரு வீடியோ கேமை நான் பார்த்தது கொழும்பு வெள்ளவத்தையில், உறவினர் வீட்டில், பதினைந்து வயதில். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த காலம். வெளியே போகப் பயம். விடுமுறையும் இல்லை, கூட்டமும் இல்லை; அந்த வீட்டுச் சிறுவன் பள்ளிக்கூடம் போன பிறகு தனியாகத்தான் ஆடினேன். கரிசல்காடு அண்ணா சொல்லும் எந்தக் காரணமும் அங்கே இல்லை. ஆனாலும் மாரியோவை விட்டு என்னால் எழும்ப முடியவில்லை. குதிக்கும்போது பொத்தானைக் கூடுதலாக அழுத்தினால் கூடுதலாக உயரும், ஓடி வந்து குதித்தால் தூரம் போகும். கை சொல்வதை ஓர் உருவம் அப்படியே கேட்கிறது என்பது எனக்குப் பெரிய விடயமாக இருந்தது. அப்போது என் கையில் வேறெதுவும் இருக்கவில்லை.

அந்தச் சிறுவனுக்குப் பிடித்தது டேங்க் ஆட்டம். செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகுச் சின்னத்தைச் சுற்றி வரும் டாங்கிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். நல்ல ஆட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நான் ஆடவில்லை. இப்போதும் ஆடுவதில்லை. ஆகவே தாமிரபரணி அண்ணாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும், ஆடுகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் கணக்கில் வரும்.

ஓமலூர்:

டிவி பழுதுபார்க்கும் கடையில் வளர்ந்தவன் என்ற உரிமையில் நுழைகிறேன்.

கரிசல்காடு, உங்கள் நினைவைச் சந்தேகிக்காதீர்கள். நீங்கள் மெதுவான இசையைக் கேட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்நாளில் ஜப்பானில் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. அது என்டிஎஸ்சி முறை. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது பால் (PAL) முறை, நொடிக்கு 50. நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற ஆட்டக் கருவி 1983இல் ஜப்பானுக்காக வந்தது. அதற்கு எழுதிய ஆட்டங்களில் பெரும்பாலானவை, திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் அடி நகரும்; இசையும் அதே தாளத்தில்தான் எண்ணப்படும். தைவானின் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் அந்தக் கருவியின் சில்லுகளை நகலெடுத்தபோது, பால் நாடுகளுக்கென்று 50 முறை புதுப்பிக்கும் வகையையும் செய்தன. ஆட்டத்தின் நிரலை யாரும் தொடவில்லை. எனவே அத்தகைய செட்டில் 60 நொடி இசை 72 நொடி ஓடும். மாரியோவும் அதே அளவுக்கு மெதுவாக ஓடுவான், காளான் பூதமும் மெதுவாக வரும்.

இதில் அழகு என்னவென்றால், சுருதி ஏறக்குறைய மாறாது. ஒலியை உண்டாக்கும் கடிகாரம் மூலக் கருவியில் 1.79 மெகாஹெர்ட்ஸ், அந்த நகல்களில் 1.77. டேப்ரெக்கார்டர் மெதுவாகச் சுற்றினால் குரல் தடித்துக் கேட்குமே, அப்படி ஆகாது. பாட்டு அதே சுருதியில் நிதானமாகப் போகும். நீங்கள் எழுதியது அதைத்தான்.

எல்லாச் செட்டும் இப்படி இல்லை. 60 முறை வகையும் இங்கே வந்தது. அதைச் சாதாரண பால் டிவியில் மாட்டினால் வண்ண டிவியிலும் படம் கருப்பு வெள்ளையாகத்தான் தெரியும். "எங்கள் வீட்டில் கலர் டிவி இருந்தும் மாரியோ கருப்பு வெள்ளை" என்று நினைவு வைத்திருப்பவர்கள் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. அக்கா பிள்ளைகள் ஆடியது எதில்? புதுத் தட்டை டிவியில்தானே? பழைய படக்குழாய் டிவி வந்த சிக்னலை வந்த கணமே திரையில் வரையும். தட்டை டிவி படத்தை வாங்கி, திருத்தி, கொஞ்சம் தாமதமாகக் காட்டும். பொத்தானுக்கும் குதிப்புக்கும் இடையே அந்தத் தாமதம் நுழைந்துவிடுகிறது. வாத்துத் துப்பாக்கி புது டிவியில் அறவே வேலை செய்யாததற்கும் இதுவே காரணம். விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சம் சரியான கணத்தில் துப்பாக்கியின் கண்ணில் பட வேண்டும். தாமதமாக வந்தால் குறி தப்பியதாகவே கணக்கு. நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அந்த ஆட்டத்தின் தளர்ந்துபோன வடிவம்.

கரிசல்காடு:

ஓமலூர், இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மனமார்ந்த நன்றி.

ஆனால் இது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. நாம் ஆடியது மியாமோட்டோ அளந்து செய்த ஆட்டம் அல்ல. அவர் வைத்த குதிப்பின் நேரம், பூதம் வரும் வேகம், இசையின் ஓட்டம், மூன்றும் நம் வீட்டில் வேறாக இருந்தன. தாமிரபரணி போற்றும் அந்த நுட்பமான அளவு திருநெல்வேலிக்கு வந்துசேரவே இல்லை. வந்தது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிய ஒரு நகல். அதையும் நாம் நேசித்தோம் என்றால், நேசத்தின் காரணம் எங்கே இருந்தது? நம்மிடத்தில்தான்.

தாமிரபரணி:

இல்லை, முற்றிலும் மறுக்கிறேன். வேகம் குறைந்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் குறைகிறது. பள்ளத்தின் அகலம் மாறவில்லை, குதித்துக் கடக்கும் தூரம் மாறவில்லை, காளான் குழாயில் மோதித் திரும்பும் இடம் மாறவில்லை. பாடம் அப்படியே இருக்கிறது. ஆசிரியர் சற்று நிதானமாகப் பேசுகிறார். விளக்கப் புத்தகம் இல்லாமல், அனுமதி இல்லாத நகலில், தவறான வேகத்தில், மொழி தெரியாத ஊரில் ஆடியும் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். ஒரு படைப்பின் வலிமைக்கு இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியாது.

நாமும் தனி ஆட்கள் அல்லர். ரஷ்யாவில் 1992 முதல் இதே நகல் டென்டி என்ற பெயரில் விற்றது, சீனாவில் சுபோர். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் மே மாத விடுமுறையும் இல்லை, உங்கள் அத்தை மகன்களும் இல்லை. அவர்களும் இதே ஆட்டங்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கரிசல்காடு:

அவர்களுக்கும் ஒரு விடுமுறை இருந்திருக்கும், ஓர் உறவுக்காரப் பையன் இருந்திருப்பான். கான்ட்ராவில் முப்பது உயிர் தரும் ரகசியப் பொத்தான் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. கொனாமியின் நிரலாளர் ஹஷிமோட்டோ, கிரேடியஸ் ஆட்டத்தை 1986இல் ஃபேமிகாமுக்கு மாற்றும்போது தன்னால் ஆடி முடிக்க முடியவில்லை என்பதற்காக வைத்த குறுக்குவழி அது. பிறகு கான்ட்ராவுக்கும் வந்தது. அது கோவில்பட்டிக்கு எப்படி வந்தது? எங்கள் கைக்குப் பத்திரிகை வரவில்லை, இணையம் இல்லை. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சொன்னார். அவருக்குச் சாத்தூரில் யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த அண்ணனின் முகம்தான் நினைவிருக்கிறது. அந்தச் சங்கிலியை எந்த நிரலாளரும் எழுதவில்லை.

வலிகாமம் தம்பி எழுதியதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதை வாதமாக்கவும் நான் விரும்பவில்லை.

பொள்ளாச்சி மலர்:

நடுவே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து கேலக்ஸியன் ஆடியது நினைவிருக்கிறது. புகைப்படமும் இருக்கிறது.

தேன்மொழி:

மலர், மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவு பெரியவர்களிடம் பெரும்பாலும் தங்குவதில்லை என்று உளவியல் சொல்கிறது. படத்தைப் பார்த்தும் அப்பா சொல்லக் கேட்டும் உருவான நினைவாக அது இருக்கலாம். அதனால் அதன் மதிப்பு குறையாது; பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு:

பொங்கலுக்கு அக்கா பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். படக்குழாய் டிவி ஒன்று தேடிப் பிடிக்கிறேன். பழைய செட் பரணில் இருக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. பக்கத்தில் மாமா உட்கார்ந்து கதை சொல்லக் கூடாது. ஒவ்வொருவராகத் தனியே ஆட வேண்டும். அப்போதும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஆட்டத்தின் பங்கை ஏற்பேன்.

தாமிரபரணி:

தனித்தனியாக என்றால் மாரியோவுக்குச் சரி. கான்ட்ராவுக்கு ஏற்க மாட்டேன். இருவர் சேர்ந்து ஆடுவதும் அந்த ஆட்டத்துக்குள் திட்டமிட்டு வைத்த ஒன்றுதான். அதை நீக்கிவிட்டுச் சோதித்தால் வேறொன்றைச் சோதிக்கிறீர்கள்.

தேன்மொழி:

இருவரும் சேர்ந்து ஆடினால் முதல் ஜாய்ஸ்டிக்கைச் சின்னவளிடம் கொடுங்கள். எட்டு வயதில் காத்திருக்க வைத்துவிட்டு "அவளுக்கு ஆர்வம் இல்லை, எழுந்து போய்விட்டாள்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

ஓமலூர்:

பரணில் இருக்கும் செட்டை எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள். முதலில் அடாப்டரின் வோல்டேஜைச் சரிபாருங்கள். கேசட்டை ஊத வேண்டாம். ஊதியதால் வேலை செய்தது என்று எல்லோரும் நம்புகிறோம். கழற்றி மறுபடி செருகியதில்தான் தொடர்பு சரியானது. வாயின் ஈரம் நாளாவட்டத்தில் முனைகளை அரிக்கும். பஞ்சில் ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், காய்ந்த பிறகு செருகுங்கள். டிவியில் மஞ்சள் ஏவி துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆண்டெனா வயரை மாட்டிவிட்டு, படம் வரும்வரை சேனல்களைத் தேடுங்கள். படம் கருப்பு வெள்ளையாக வந்தால் உங்களிடம் இருப்பது 60 முறை வகை. நீங்கள் சிறுவயதில் ஆடிய செட் அதுவாக இருக்காது. அப்படி வந்தால் எழுதுங்கள், சேலத்தில் பால் வகை கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.